எண்ணும் அலகும்: அளவைகளில் பரிமாணச் சோதனை

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

மழைக்காலம் தொடங்கிவிட்டால் அணைகளின் நிலவரம் நாளேடுகளில் நாள்தோறும் இடம்பெறுகிறது. நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி., வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி என்று மூன்று எண்கள் அடுத்தடுத்து அச்சாகின்றன. மேட்டூர் அணையில் நீர்மட்டம் முழு அளவான 120 அடியை எட்டும்போது கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆகும். இந்த எண்கள் ஒரே வரியில் நின்றாலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. நீர்மட்டம் ஒரு நீளம். இருப்பு ஒரு கன அளவு. வரத்தோ, ஒரு வினாடியில் கடந்து செல்லும் கன அளவு, அதாவது ஓட்டம். நீளத்தைக் கன அளவோடு கூட்ட முடியாது. கன அளவை ஓட்டத்தோடு ஒப்பிட முடியாது. இவற்றை இணைப்பதற்கு இடையில் வேறோர் அளவு தேவைப்படுகிறது. இருப்பையும் ஓட்டத்தையும் இணைப்பது காலம்.

ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது நூறு கோடி கன அடி. கியூசெக் என்பது வினாடிக்கு ஒரு கன அடி. ஒரு நாளில் 86,400 வினாடிகள் உள்ளன. ஆகவே ஒரு கியூசெக் ஓட்டம் ஒரு நாள் முழுதும் நீடித்தால் 86,400 கன அடி நீர் சேரும். ஒரு டி.எம்.சி. சேர வேண்டுமாயின் ஏறத்தாழ 11,574 கியூசெக் நீர் ஒரு நாள் முழுதும் வந்தாக வேண்டும். இந்த ஓர் எண்ணை நினைவிற் கொண்டவர் அணைச் செய்திகளை வேறு கண்ணோடு படிக்கத் தொடங்குவார்.

இதில் ஏற்படும் குழப்பம் எத்துணைப் பெரியது என்பதற்கு 2016 செப்டம்பர் மாதத்துக் காவிரிச் செய்திகளே போதிய சான்று. அம்மாதம் 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை, வினாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாட்களுக்கு நீர் திறப்பது பற்றியது. ஒரு வாரத்துக்குள் அந்த அளவு 12,000 ஆகத் திருத்தப்பட்டது. அந்நாட்களில் செய்திகளில் "நாளொன்றுக்கு 15,000 கியூசெக்" என்ற தொடர் பரவலாக வழங்கியது. இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் என்ன ஆகிறது? கியூசெக்கிலேயே "வினாடிக்கு" என்பது அடங்கியிருக்கிறது. அதன்மேல் "நாளொன்றுக்கு" என்பதையும் சேர்த்தால் கன அளவைக் காலத்தால் இருமுறை வகுத்ததாகிறது. அது ஓட்டம் அன்று. ஓட்டம் பெருகும் வேகம். முதல் நாள் 15,000 கியூசெக், மறுநாள் 30,000, பத்தாம் நாள் ஒன்றரை இலட்சம் என்று பொருள்படும்! மற்றொருவர் அதனையே "நாளொன்றுக்கு 15,000 கன அடி" என்று சுருக்கிப் படித்தால் வினாடிக்கு ஐந்து லிட்டர்கூடக் கிடைக்காது. கிணற்றுப் பம்புசெட்டு ஒன்று இறைக்கும் நீருக்கே அது சமம். சரியான பொருள்படி கணக்கிட்டால் பத்து நாட்களில் 12.96 டி.எம்.சி. வருகிறது. எண் ஒன்றுதான், அலகைப் படிக்கும் விதத்தால் மூன்று ஆறுகள் ஓடுகின்றன. பாசனப் பொறியாளர்கள் பழக்கத்தால் தடுமாறவில்லை. ஆனால் இத்தகைய வழக்கில் கவலையோடு செய்தி படிப்போர் பெரும்பாலும் பொறியாளர்கள் அல்லர்.

மின்சாரத் துறையில் இதே உறவு வேறு பெயர்களில் வருகிறது. மெகாவாட் என்பது திறன். ஆற்றில் ஓட்டம் போன்றது. கிலோவாட் மணி என்பது ஆற்றல்; அணையில் இருப்புப் போன்றது. பின்னதை மக்கள் "யூனிட்" என்றே அழைக்கின்றனர். அலகு என்னும் பொதுச் சொல்லே ஓர் அலகின் பெயராகிவிட்டது விந்தைதான். ஒரு மெகாவாட் நிலையம் முழுத் திறனில் ஒரு நாள் இயங்கினால் 24,000 யூனிட் தரும். ஆனால் எல்லா நிலையமும் நாள் முழுதும் முழுத் திறனில் இயங்குவதில்லை. சூரிய ஒளி மின்நிலையத்தின் ஆண்டு உற்பத்தி, அது இடைவிடாது முழுத் திறனில் இயங்கினால் கிடைக்கக்கூடியதில் பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே அமைகிறது. ஆகவே நிறுவப்பட்ட மெகாவாட்டுகளை மட்டும் அடுக்கி இரு வகை நிலையங்களை ஒப்பிடும் அட்டவணை, ஆற்றின் அகலத்தைக் காட்டி அணையின் இருப்பைச் சொல்வது போன்றதே.

அலகும் பரிமாணமும்

அலகு வேறு, பரிமாணம் வேறு. அடி, மீட்டர், கஜம், மைல் ஆகியவை வெவ்வேறு அலகுகள். இவை அனைத்துக்கும் பரிமாணம் ஒன்றே, நீளம். இயக்கவியலில் வரும் அளவுகளை எல்லாம் நிறை, நீளம், காலம் ஆகிய மூன்றின் அடுக்குகளாகப் பிரித்துவிடலாம். திசைவேகம் நீளத்தைக் காலத்தால் வகுத்தது. முடுக்கத்தில் காலம் இருமுறை வகுக்கிறது. விசை என்பது நிறையை முடுக்கத்தால் பெருக்கியது. வெப்பம், மின்னோட்டம் போன்றவற்றுக்கு வேறு சில அடிப்படை அளவுகளும் வேண்டும். 1960இல் வகுக்கப்பட்டு 1971இல் மோல் சேர்க்கப்பட்ட பன்னாட்டு அலகு முறையில் அடிப்படை அலகுகள் ஏழு.

பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியே, 1822இல் வெளியிட்ட வெப்பம் பற்றிய நூலில் இக்கருத்தை முறையாக எடுத்துரைத்தார். அவர் வற்புறுத்திய விதி எளியது. ஒரு சமன்பாட்டில் கூட்டப்படும் உறுப்புகளும் சமன்குறியின் இரு பக்கங்களும் ஒரே பரிமாணம் உடையவையாக இருத்தல் வேண்டும். இயற்கை, மனிதன் மீட்டரில் அளக்கிறானா அடியில் அளக்கிறானா என்று பார்த்து நடப்பதில்லை. அலகை மாற்றினால் பொய்யாகிவிடும் சமன்பாடு இயற்கையின் விதியாக இருக்க முடியாது.

பள்ளியில் இவ்விதி பெரும்பாலும் விடையைச் சரிபார்க்கும் கருவியாகவே கற்பிக்கப்படுகிறது. பின்னர் தேர்வு முடிந்ததும் மறக்கப்படுகிறது. சரிபார்ப்பதற்கு அப்பால், தெரியாத சூத்திரத்தின் வடிவத்தையே இதனால் கண்டறிய முடியும் என்பதைக் காற்றாலை ஒன்றின் கணக்கால் விளக்கலாம்.

காற்றாலை தரக்கூடிய திறன் எவற்றைச் சார்ந்தது? காற்றின் அடர்த்தி, இறக்கைகள் சுழலும் வட்டத்தின் பரப்பு, காற்றின் வேகம் ஆகிய மூன்று போதும். திறனின் பரிமாணம் நிறை × நீளம்² ÷ காலம்³. அடர்த்தியினுடையது நிறை ÷ நீளம்³. பரப்பு என்பது நீளம்². வேகம் என்பது நீளம் ÷ காலம். இவற்றில் நிறை அடர்த்தியில் மட்டுமே உள்ளது. திறனில் நிறையின் அடுக்கு ஒன்று. ஆகவே அடர்த்தி முதல் அடுக்கில்தான் வர முடியும். காலம் வேகத்தில் மட்டுமே உள்ளது. திறன் காலத்தால் மும்முறை வகுபடுகிறது. ஆகவே வேகம் மூன்றாம் அடுக்கில் வந்தே தீரும். எஞ்சியிருப்பது நீளம். அடர்த்தியிலிருந்து வரும் நீளத்தின் அடுக்கு கழித்தல் மூன்று, வேகத்தின் கனத்திலிருந்து வருவது கூட்டல் மூன்று, இரண்டும் நீங்கிவிடுகின்றன. திறனுக்கு நீளம்² தேவை. அதனைப் பரப்பு ஒருமுறை வந்து நிறைவு செய்கிறது. எனவே திறன் = ஓர் எண் × அடர்த்தி × பரப்பு × வேகத்தின் கனம். இயந்திரத்தைப் பாராமல், ஒரு சோதனையும் செய்யாமல், தாளில் நான்கு வரிகளில் கிடைத்த விடை இது.

இதன் பயன் இடத்தேர்வில் தெரியும். ஓரிடத்தில் காற்று வினாடிக்கு 5 மீட்டர், மற்றோரிடத்தில் 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேலோட்டமாகப் பார்ப்பவர் இரண்டாவது இடம் ஐந்தில் ஒரு பங்கு மேலானது என்பார். கனத்தைக் கணக்கிட்டால் 125க்கு 216. நூற்றுக்கு 73 பங்கு மிகுதி. ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தல் பகுதியில் காற்றாலைகள் நெருங்கி நிற்பதன் இரகசியமும் இதில் அடங்கியிருக்கிறது. கணவாயில் குவிந்து வரும் காற்றின் வேகம் சிறிதளவு மிகுந்தாலும் திறன் அதைவிடப் பெரிய விகிதத்தில் மிகும்.

இம்முறையால் இயலாதவை

மேற்கண்ட சூத்திரத்தில் "ஓர் எண்" என்று விடப்பட்டது எவ்வளவு? பரிமாணப் பகுப்பாய்வு இதற்கு விடை சொல்லாது. எண்ணுக்குப் பரிமாணம் இல்லை; ஆகவே இம்முறையின் வலையில் அது சிக்குவதில்லை. காற்றின் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் அரை என்னும் எண் வருகிறது. வீசும் காற்றின் ஆற்றலில் 27இல் 16 பங்குக்கு மேல் எந்த ஆலையாலும் எடுக்க முடியாது என்பதை ஜெர்மானிய அறிஞர் ஆல்பெர்ட் பெட்ஸ் நிறுவினார். இரண்டையும் பெருக்கினால் அந்த எண் 0.30ஐத் தாண்டாது என்று அறிகிறோம். இந்த அறிவு பரிமாணத்திலிருந்து வரவில்லை. பாய்ம இயக்கவியலிலிருந்து வந்தது.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. ஓரிடத்தில் பாதி நேரம் வினாடிக்கு 4 மீட்டர், மீதி நேரம் 8 மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. சராசரி 6. அதன் கனம் 216. ஆனால் கிடைக்கும் ஆற்றலைத் தீர்மானிப்பது சராசரியின் கனம் அன்று, கனங்களின் சராசரி. 64க்கும் 512க்கும் சராசரி 288. மூன்றில் ஒரு பங்கு வேறுபாடு! இரண்டு விடைகளுக்கும் பரிமாணம் ஒன்றே. எனவே பரிமாணச் சோதனை இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். ஆண்டுச் சராசரிக் காற்று வேகம் மட்டும் தரப்பட்ட திட்ட அறிக்கையை இக்காரணத்தால் ஐயத்தோடுதான் அணுக வேண்டும். திருப்புதிறனுக்கும் ஆற்றலுக்கும் பரிமாணம் ஒன்றாயிருந்தும் அவை வெவ்வேறானவை என்பது மாணவர்கள் அறிந்த மற்றோர் எடுத்துக்காட்டு.

பரிமாணம் சரியாக இருந்து அலகு தவறும்போது நேர்வதை 1983 ஜூலை 23ஆம் நாள் கனடா நாட்டு விமானம் ஒன்று உலகுக்குக் காட்டியது. அந்நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. மான்ட்ரியாலிலிருந்து எட்மண்டன் செல்ல வேண்டிய போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் தேவை. எரிபொருள் அளவுமானி பழுதுபட்டிருந்தமையால் கோல் கொண்டு அளந்தனர். தொட்டிகளில் 7,682 லிட்டர் இருந்தது. லிட்டரை எடையாக மாற்ற ஓர் எண் வேண்டும். அவர்கள் பயன்படுத்தியது 1.77. அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்பதைக் குறிக்கும் எண். லிட்டருக்குக் கிலோகிராம் என்று வேண்டியிருந்தால் ஏறத்தாழ 0.80 என எடுத்திருக்க வேண்டும். பெருக்கிக் கிடைத்த 13,597ஐக் கிலோகிராம் என்று எண்ணி, குறைந்ததாகத் தோன்றிய அளவுக்கு மட்டும் 5,000 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஏற்றினர். ஏற்றியிருக்க வேண்டியது சுமார் 20,000 லிட்டர். ஏறத்தாழ 12,500 மீட்டர் உயரத்தில் எரிபொருள் தீர்ந்து இரு எஞ்சின்களும் நின்றன. விமானி அதனைக் காற்றில் மிதக்கவிட்டு, கிம்லி என்னும் ஊரிலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். உயிரிழப்பு இல்லை.

பவுண்டும் லிட்டரும், கிலோகிராமும் லிட்டரும் பரிமாணத்தில் ஒன்றே: நிறையை நீளத்தின் கனத்தால் வகுத்தவை. ஆகவே பரிமாணச் சோதனை அங்குக் காப்பாற்றியிருக்காது. 1.77 என்னும் எண்ணின் பக்கத்தில் அதன் அலகையும் ஒருவர் எழுதியிருந்தால், பெருக்கல் முடிந்ததும் விடை பவுண்டில் நிற்பது கண்ணில் பட்டிருக்கும். செவ்வாய்க்கு அனுப்பப்பட்ட அமெரிக்க விண்கலம் ஒன்று 1999இல் பவுண்டு விசைக்கும் நியூட்டனுக்கும் இடையிலான 4.45 என்னும் காரணியால் அழிந்ததும் இதே வகையைச் சேர்ந்தது.

கால்வாய்ச் சூத்திரங்கள்

இந்தியா இத்தகைய மாற்றத்தைக் கனடாவுக்கு முன்னரே மேற்கொண்டது. எடை அளவைகள் தரச் சட்டம் 1956இல் நிறைவேறியது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் நூறு காசுகளாயிற்று. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வரத் தொடங்கின. அதற்குமுன் மணங்கு என்றால் 37.32 கிலோகிராம் என்பது அரசுத் தரம் மட்டுமே. சந்தைக்குச் சந்தை சேரும் மணங்கும் மாறின. கடைத் தராசில் இம்மாற்றம் சில ஆண்டுகளில் நிறைவெய்தியது பெரும் சாதனை. ஆற்று நீருக்கு மட்டும் இன்றளவும் இரட்டை வழக்கு. மத்திய நீர்வள ஆணையத்தின் அறிக்கையில் அணை இருப்பு பில்லியன் கன மீட்டரில் இருக்கும். மாநிலச் செய்தியில் டி.எம்.சி.யில் இருக்கும். மேட்டூரின் 93.47 டி.எம்.சி.யும் 2.647 பில்லியன் கன மீட்டரும் ஒரே நீர்தான்.

தராசை மாற்றுவது எளிது. சூத்திரத்தை மாற்றுவது அவ்வளவு எளிதன்று. 1895இல் பஞ்சாபின் மேல் பாரி தோவாப் கால்வாயில் கென்னடி என்னும் பொறியாளர், வண்டலும் படியாமல் கரையும் அரிக்காமல் நிலைபெற்ற வாய்க்கால்களை ஆராய்ந்தார். அத்தகைய வாய்க்காலில் நீரின் வேகம், ஆழத்தின் 0.64 அடுக்கை 0.84ஆல் பெருக்கியதற்குச் சமம் என்று கண்டார். இந்தியக் கால்வாய்கள் பலவற்றை வடிவமைக்க உதவிய சூத்திரம் இது. ஆனால் ஃபூரியேயின் விதியை இதற்குப் பொருத்தினால் பக்கங்கள் ஒவ்வவில்லை. இடப்பக்கம் நீளம் ÷ காலம். வலப்பக்கத்தில் நீளத்தின் 0.64 அடுக்கு மட்டுமே. காலம் எங்கும் இல்லை. குறைந்தவை எங்கே போயின? அந்த 0.84க்குள் ஒளிந்திருக்கின்றன. அது வெறும் எண் அன்று, அடியின் 0.36 அடுக்கை வினாடியால் வகுத்த அலகு அதற்கு உண்டு. ஓர் அடி 0.3048 மீட்டர் என்பதால், 0.3048இன் 0.36 அடுக்கான 0.652ஆல் பெருக்கினால் மெட்ரிக் முறைக்குரிய மாறிலி 0.55 கிடைக்கிறது.

பழைய கையேட்டின் 0.84ஐயும் புதிய வரைபடத்தின் மீட்டரையும் ஒருவர் சேர்த்துவிட்டால்? இரண்டு மீட்டர் ஆழமுள்ள வாய்க்காலுக்கு வினாடிக்கு 1.31 மீட்டர் என விடை வரும். சரியான விடை 0.86. தவறான வேகத்துக்கு ஏற்பச் சரிவு கொடுத்து வெட்டிய மண் வாய்க்காலில் நீர் கரையையும் படுகையையும் அரித்துச் செல்லும். இரண்டு விடைகளும் பார்வைக்கு நம்பத்தக்கவையாகவே இருப்பதுதான் இதில் உள்ள இடர்.

கென்னடியைக் குறை கூற இதில் ஒன்றுமில்லை. களத்தில் அளந்து கண்ட உறவுகள் பெரும்பாலும் இப்படித்தான் அமைகின்றன. மானிங் சூத்திரத்திலும் அடி முறையில் 1.486 என்னும் காரணி வருகிறது. மெட்ரிக் முறையில் அது ஒன்றாகிவிடுகிறது. 1.486 என்பது ஒரு மீட்டரில் அடங்கும் 3.28 அடியின் கன மூலமே அன்றி வேறில்லை. பொறியியல் மாணவர் இதனை மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக ஒருமுறை வருவித்துப் பார்த்தல் நலம்.

எல்லா மாறிலிகளும் இவ்வளவு மறைவானவை அல்ல. பாசனத் துறையில் டியூட்டி என்று வழங்கும் அளவு, ஒரு கியூமெக், அதாவது வினாடிக்கு ஒரு கன மீட்டர் ஓட்டம், பயிர்க்காலம் முழுதும் நீடித்தால் எத்தனை ஹெக்டேருக்குப் பாயும் என்பதைக் கூறுகிறது. பயிருக்கு வேண்டிய நீரின் மொத்த ஆழம் டெல்டா. பாடநூல்கள் டெல்டாவை மீட்டரில் பெற, பாசன நாட்களை 8.64ஆல் பெருக்கி டியூட்டியால் வகுக்கச் சொல்கின்றன. பழைய நூல்களில் அதே இடத்தில் 1.983 என்னும் எண் நிற்கும். முன்னது, ஒரு நாளின் 86,400 கன மீட்டரை ஒரு ஹெக்டேரின் 10,000 சதுர மீட்டரால் வகுத்தது. பின்னது, 86,400 கன அடியை ஓர் ஏக்கரின் 43,560 சதுர அடியால் வகுத்தது. நெல்லுக்கு 120 நாட்களில் 1.2 மீட்டர் நீர் வேண்டும் என்று கொண்டால், புதிய முறையில் டியூட்டி கியூமெக்குக்கு 864 ஹெக்டேர். 1.2 மீட்டரை 3.937 அடியாக்கிப் பழைய முறையில் கணக்கிட்டால் கியூசெக்குக்கு 60.4 ஏக்கர். ஒரு ஹெக்டேருக்கு 2.471 ஏக்கர், ஒரு கன மீட்டருக்கு 35.31 கன அடி என்று கொண்டு 864ஐ மாற்றிப் பார்த்தாலும் ஏறத்தாழ அதே 60.4 வருகிறது. ஆயக்கட்டுப் பதிவேடுகளை ஏக்கரிலிருந்து ஹெக்டேருக்கு மாற்றும் அலுவலர், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரியையேனும் இவ்வாறு இரு வழியிலும் கணக்கிட்டு ஒத்துப்பார்க்கலாம். அதற்கு இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகாது.